வலது என்றால் நோயாளியின் வலது: உடல் திசைகளும் உடற்குழிகளும்

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மருத்துவமனையில் முதல் சுற்று விஷமுறிவு மருந்தைப் போட்டு, 108-இல் ஏற்றி தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கூடப் போகிற சீட்டில் "காலில் வீக்கம்" என்று மட்டும் இருந்தால், அங்கே அதை வாங்கிப் பார்க்கும் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. எந்தக் கால், கடிவாய் எங்கே, வீக்கம் எதுவரை ஏறியிருந்தது, அப்போது மணி என்ன என்பதெல்லாம் தெரிந்தால்தான் விஷம் இன்னும் ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியும்.

அதே சீட்டில் இப்படி இருந்தால் (டிஸ்டல் என்றால் உடம்பிலிருந்து தள்ளி, ப்ராக்ஸிமல் என்றால் உடம்புக்குக் கிட்ட, லேட்டரல் என்றால் நடுக்கோட்டிலிருந்து விலகி): "வலது வெளிக்கணுக்கால் எலும்புக்கு 3 செ.மீ. டிஸ்டலாக, பாதத்தின் லேட்டரல் ஓரத்தில் கடிவாய். வீக்கம் கணுக்கால் மூட்டிலிருந்து ப்ராக்ஸிமலாக 8 செ.மீ. வரை. காலை 10.15." மருத்துவர் அளவுநாடாவை எடுத்து வைத்தாலே விடை கிடைத்துவிடும். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஆகவே இந்த ஒரு வரி வார்டோடு முடிந்துபோகிற வரியும் இல்லை.

நர்சிங், லேப் டெக்னீஷியன், ரேடியோகிராபி, ஆம்புலன்ஸ் பயிற்சி என்று எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் முதல் மாதத்தில் வருவது இந்தத் திசைச் சொற்களும் உடற்குழிகளும்தான். மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். வார்டில் அது போதாது. திசைச் சொல் ஒவ்வொன்றும் நோயாளியின் உடம்புக்குச் சொந்தம். பார்க்கிறவரின் கண்ணுக்கும், கட்டில் கிடக்கும் திசைக்கும் அதில் வேலை இல்லை. குழி ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு. அந்தச் சுவர் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதை வைத்துத்தான் உள்ளே கசிகிற இரத்தமோ நீரோ எப்போது ஆபத்தாகும் என்று தெரியும். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

மனதுக்குள் நிற்கவைக்க வேண்டிய உடல்

உடற்கூறு முழுவதும் ஒரே ஒரு நிலையை வைத்துத்தான் எழுதப்படுகிறது. ஆள் நிமிர்ந்து நிற்கிறார். முகமும் கண்களும் நேரே முன்னால். கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன, உள்ளங்கைகள் முன்பக்கம் திரும்பியிருக்கின்றன. பாதங்கள் கிட்டத்தட்டச் சேர்ந்து, விரல்கள் முன்னோக்கி இருக்கின்றன. இதுதான் உடற்கூற்று நிலை. நோயாளி குப்புறப் படுத்திருக்கலாம், புளியமரத்தடியில் ஒருக்களித்து விழுந்து கிடக்கலாம். எழுதும்போது அவரை இப்படி நிற்கவைத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

உள்ளங்கை முன்னால் திரும்பியிருப்பதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். தப்பு தொடங்குவதே அங்கேதான். கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் கட்டைவிரல் உடம்பின் நடுப்பக்கம் வந்துவிடும். அதைப் பார்த்துக் கட்டைவிரலை மீடியல், அதாவது நடுக்கோட்டுக்குக் கிட்ட, என்று எழுதுகிறவர்கள் உண்டு. உடற்கூற்று நிலையில் அது லேட்டரல். முன்கை எலும்புகள் இரண்டில் கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் லேட்டரல், சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா மீடியல். கையை எப்படித் திருப்பினாலும் இந்தப் பெயர் மாறாது. மணிக்கட்டில் நாடி பிடிக்கும்போது விரலை வைப்பதும் அந்த லேட்டரல் பக்கத்தில்தான்.

காலில் இது அப்படியே மாறும். கால் பெருவிரல் மீடியல், சுண்டுவிரல் லேட்டரல். கருவில் கைகால் முளைகள் வளரும்போது கை வெளிப்பக்கமாகவும் கால் உள்பக்கமாகவும் சுழல்வதால் வந்த வித்தியாசம் இது. முழங்கை மடிவதும் முழங்கால் மடிவதும் எதிரெதிர்ப் பக்கமாக இருப்பதற்கும் அதே சுழற்சிதான் காரணம்.

வலது, இடது என்பதில் சந்தேகமே வரக்கூடாது. நோயாளிக்கு எதிரே நின்றால் அவருடைய வலது கை உங்கள் இடது பக்கம் இருக்கும். எக்ஸ்ரே படத்தையும் நோயாளி எதிரே நிற்பதுபோலத்தான் மாட்டுகிறோம். படத்தின் இடது ஓரத்தில் அவருடைய வலது நுரையீரல் தெரியும். சிடி ஸ்கேனில் குறுக்குவெட்டுப் படம், மல்லாந்து படுத்திருப்பவரைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல வரும். அதனால்தான் கல்லீரல் திரையின் இடது பக்கம் தெரிகிறது. திரையைப் பார்த்து "இடது பக்கம் கட்டி" என்று எழுதிவிட்டால் வலது சிறுநீரகத்துக்குப் பதில் இடதை நோக்கிக் கத்தி போகும். இந்த ஆபத்துக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், அறுக்க வேண்டிய பக்கத்தில் முன்கூட்டியே குறி போட்டிருக்கிறதா என்று கேட்கும் வரி இருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர் வைக்கும் 'ஆர்', 'எல்' ஈயக் குறியும் அதே காரணத்துக்குத்தான். படம் எடுத்தபின் கணினியில் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் வேண்டாம். படம் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிவிட்டால், பின்னால் சேர்த்த எழுத்து அந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது.

திசைச் சொற்கள் எல்லாம் ஒப்பீடு

தலைப்பக்கம் சுப்பீரியர், பாதப்பக்கம் இன்ஃபீரியர். முன்பக்கம் ஆன்டீரியர், முதுகுப்பக்கம் போஸ்டீரியர். மனித உடலில் இவற்றையே வென்ட்ரல், டார்சல் என்றும் சொல்வார்கள். உடலை இடது வலதாகச் சரிபாதியாக்கும் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். ஒரே பக்கத்தில் இருப்பது இப்சிலேட்டரல், எதிர்ப்பக்கத்தில் இருப்பது கான்ட்ராலேட்டரல்.

இவற்றில் எதுவும் தனியாக நிற்காது. "இதயம் சுப்பீரியர்" என்று எழுதினால் அரை வாக்கியம்தான். உதரவிதானத்துக்குச் சுப்பீரியர், காறை எலும்புக்கு இன்ஃபீரியர் என்று எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். மூக்கு கண்ணுக்கு மீடியல். அதே கண் காதுக்கு மீடியல்.

பெயரிலேயே திசை இருக்கும் உறுப்புகளிலும் இந்த ஒப்பீட்டை மறக்கக்கூடாது. முதுகெலும்புத் தொடரில் போஸ்டீரியர் லாங்கிடியூடினல் தசைநார் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் முதுகுத்தோல் பக்கம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது தண்டுவடத்துக்கு முன்னால், கால்வாயின் முன்சுவரில் இருக்கிறது. முள்ளெலும்பின் உடல் பகுதிக்குப் பின்னால் இருப்பதால் அந்தப் பெயர். இந்தத் தசைநார் நம் பகுதிக்காரர்களுக்கு ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

கைகால்களுக்கு ப்ராக்ஸிமல், டிஸ்டல்

கையைத் தூக்கினால் மணிக்கட்டு தோளுக்கு மேலே போய்விடும். ஆகவே கைகால்களில் "மேலே", "கீழே" உதவாது. உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்ட இருப்பது ப்ராக்ஸிமல், தள்ளி இருப்பது டிஸ்டல். முழங்கை மணிக்கட்டுக்கு ப்ராக்ஸிமல், தோளுக்கு டிஸ்டல். உள்ளங்கைப் பக்கம் பால்மர், உள்ளங்கால் பக்கம் பிளான்டார். புறங்கையும் பாதத்தின் மேல்பக்கமும் டார்சல்.

ஐ.வி. லைன் போடும்போது இந்தச் சொற்கள் நேரடியாக வேலை செய்யும். டூர்னிக்கேயை (இறுக்கிக் கட்டும் பட்டை) ஊசி குத்தும் இடத்துக்குச் சுமார் 10 செ.மீ. ப்ராக்ஸிமலாகக் கட்டுகிறோம், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அங்கே தடைபட்டு வெயின் (சிரை) புடைக்கும். முதல் முயற்சியை டிஸ்டலான வெயினில் தொடங்க வேண்டும். அது கிழிந்துவிட்டால் அடுத்ததை ப்ராக்ஸிமலாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால், புதிதாகப் போட்ட லைனிலிருந்து மேலேறும் டிரிப்ஸ் பழைய ஓட்டை வழியே தசைக்குள் கசிந்து கை வீங்கும்.

லேப் மாணவர்களுக்கு இதோடு சேர்ந்த ஒன்று. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில், லைனுக்கு ப்ராக்ஸிமலாக இரத்த மாதிரி எடுக்கக் கூடாது. குளுக்கோஸ் ஏறும் கையில் எடுத்தால் சர்க்கரை தாறுமாறாகக் காட்டும்; சலைன் ஏறினால் சோடியம் தப்பாக வரும், மற்றவை நீர்த்துப்போகும். கான்ட்ராலேட்டரல் கையில் எடுப்பதே நல்லது.

பாம்புக்கடியில் கயிறு கட்டுவது இன்னும் நின்றபாடில்லை. கடிவாய்க்கு ப்ராக்ஸிமலாக இறுக்கிக் கட்டினால் டிஸ்டல் பகுதிக்கு இரத்தம் போகாமல் கால் அழுகலாம். அவிழ்க்கும் நேரத்தில் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறலாம். காலை அசைக்காமல், முறிந்த எலும்புக்கு வைப்பதுபோலத் தப்பை வைத்துக் கூட்டிவருவதுதான் சரி. வார்டில் வீக்கத்தின் ப்ராக்ஸிமல் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதி, அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும்.

ஊசி போடும் இடமே திசைப் பாடம்

தோலுக்குக் கிட்ட இருப்பது சூப்பர்ஃபிஷியல், உள்ளே இருப்பது டீப். தோலுக்குள் போடும் ஊசி 10 முதல் 15 பாகை சாய்வில், தோலுக்கடியில் போடுவது பெரும்பாலும் 45 பாகையில், தசையில் போடுவது 90 பாகையில் போகும்.

குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையைத் திசைகளோடு படித்துப் பாருங்கள். பிசிஜி இடது மேற்கையில், தோலுக்குள். பென்டாவேலன்ட் இடது தொடையின் நடுப்பகுதியில், ஆன்டீரோலேட்டரல் (முன்-வெளி) பக்கம், தசைக்குள், 0.5 மி.லி. தட்டம்மை ரூபெல்லா ஊசி வலது மேற்கையில், தோலுக்கடியில். இடத்தை இப்படி நிலையாக வைத்திருப்பதால், பிறகு வீக்கமோ கட்டியோ வந்தால் எந்த ஊசியால் வந்தது என்று எளிதில் தெரியும்.

தொடையில் ஏன் ஆன்டீரோலேட்டரல்? தொடையின் ஆன்டீரோமீடியல் பக்கம் ஃபெமரல் தமனி, சிரை, நரம்பு மூன்றும் போகின்றன. பின்பக்கம் உடலிலேயே பருமனான சயாட்டிக் நரம்பு. மிஞ்சியிருக்கும் முன்-வெளிப் பக்கத்தில் பெரிய நரம்போ தமனியோ இல்லை. வேஸ்டஸ் லேட்டராலிஸ் தசை பச்சைக்குழந்தைக்கும் போதிய பருமனோடு இருக்கும். ஒட்டுச்சொல்லின் ஒரு பாதி மாறினாலே ஊசி தமனிப் பக்கம் போகும் என்பதால், "தொடையில் ஊசி" என்று சொல்வதோடு யாரும் நிறுத்தக் கூடாது. பெரியவர்களுக்குப் பிட்டத்தில் போடும்போதும் இதே கணக்குதான். நான்காகப் பிரித்து மேல்-வெளிக் கால்பகுதியில் போட வேண்டும். இன்ஃபீரியராகவும் மீடியலாகவும் இறங்கினால் சயாட்டிக் நரம்பில் குத்தி, பாதம் தூக்க முடியாமல் போய்விடும்.

வெட்டுத் தளங்கள் மூன்று. இடது வலதாகப் பிரிப்பது சாஜிட்டல், முன் பின்னாகப் பிரிப்பது கொரோனல், மேல் கீழாகப் பிரிப்பது டிரான்ஸ்வர்ஸ். சிடி, எம்ஆர்ஐ அறிக்கைகளில் கடைசியானதற்கு ஆக்ஸியல் என்று வரும். இப்போதைக்கு இது போதும். படங்களைப் பார்க்கத் தொடங்கியதும் பழகிவிடும்.

எலும்புப் பெட்டிக்குள் இருக்கும் குழிகள்

பாடநூல்களில் உடற்குழிகளை டார்சல், வென்ட்ரல் என்று இரண்டு தொகுப்பாகப் பிரிப்பார்கள். சில புதிய நூல்கள் டார்சல் தொகுப்பு என்ற பெயரை விட்டுவிட்டு, மண்டைக்குழி, முள்ளெலும்புக் கால்வாய் என்று நேராகவே சொல்கின்றன. எப்படிச் சொன்னாலும் இவை இரண்டும் ஃபோரமென் மேக்னம் என்ற பெரிய துளை வழியே ஒன்றோடொன்று தொடர்புடையவை. இரண்டுக்கும் ஒரே மூன்றடுக்கு உறை, ஒரே மூளைத் தண்டுவடத் திரவம். பெரியவரிடம் அந்தத் திரவம் சுமார் 150 மி.லி. இருக்கும்.

மண்டைக்குழி இடம் கொடுக்காது. உள்ளே ஏறத்தாழ 80 சதவீதம் மூளை, மீதியில் பாதி இரத்தம், பாதி திரவம். தொப்பூர் கணவாயில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சற்று நேரத்தில் தூக்கக் கலக்கத்துக்குப் போகலாம். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஓடும் மிடில் மெனிஞ்சியல் தமனி கிழிந்து, எலும்புக்கும் உறைக்கும் நடுவே இரத்தம் சேர்ந்திருக்கும். முதலில் திரவமும் சிரை இரத்தமும் வெளியே ஒதுங்கி இடம் விடுவதால் ஆள் தெளிவாகத் தெரிவார். ஒதுங்க இனி எதுவும் இல்லை என்ற நிலை வந்ததும் அழுத்தம் திடீரென ஏறும். அப்போது பெரும்பாலும் இரத்தக்கட்டி இருக்கும் பக்கத்துக் கண்மணி விரியும். அது இப்சிலேட்டரல், அந்தப் பக்கத்து மூன்றாம் மூளை நரம்பு நசுங்குவதால். எதிர்ப்பக்கக் கைகால் வலுவிழக்கும். அது கான்ட்ராலேட்டரல், இயக்க நரம்புகள் முகுளத்தில் பக்கம் மாறிப் போவதால். "பேசிக்கொண்டுதானே வந்தார்" என்பதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளக் கூடாத இடம் இது.

முள்ளெலும்புக் கால்வாயும் அப்படியே விறைப்பானதுதான். தண்டுவடம் பெரியவர்களிடம் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் திரவத்தில் மிதக்கும். ஆகவே முதுகில் ஊசி போடுவதானால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே, அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே போடுகிறார்கள். இடுப்பெலும்பின் இரு பக்க உச்சிகளையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ நான்காவது இடுப்பு முள்ளெலும்பின்மேல் போகும். சிசேரியனுக்கு முதுகு மரத்துப்போக ஊசி போடுபவர் கையால் தடவித் தேடுவது இந்தக் கோட்டைத்தான்.

இனி முன்பு சொன்ன தசைநார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுவதால் வரும் நோய்) தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.-க்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை மட்டும் வருவதில்லை. எலும்பும் தசைநார்களும் சுண்ணாம்பேறித் தடிக்கும். கால்வாயின் முன்சுவரில் போஸ்டீரியர் லாங்கிடியூடினல் தசைநார், பின்சுவரில் லிகமென்டம் ஃபிளேவம் என்ற தசைநார் இரண்டும் தடித்தால் நடுவில் தண்டுவடம் நசுங்கும். கால் விறைத்து, நடை தடுமாறும். முன்கை எக்ஸ்ரேயில் ரேடியஸுக்கும் அல்னாவுக்கும் நடுவே உள்ள மென்தகட்டில் சுண்ணாம்புக் கோடு தெரிவது இந்நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று.

மார்பும் வயிறும்

வென்ட்ரல் பக்கக் குழியை உதரவிதானம் இரண்டாக்குகிறது. மேலே மார்புக்குழி, கீழே வயிறு-இடுப்புக் குழி. மார்புக்குழிக்குள் இரண்டு பக்கமும் இரண்டு புளூரல் குழிகள். நடுவில் மீடியாஸ்டினம், இதயம், பெரிய இரத்தக் குழாய்கள், மூச்சுக்குழல், உணவுக்குழல் எல்லாம் அங்கே. இதயத்தைச் சுற்றி பெரிகார்டியல் குழி.

நுரையீரல் புளூரல் குழிக்குள் இருக்கிறது என்று எழுதுவது மிகவும் சகஜமான தப்பு. கொஞ்சமே பால் மிச்சமிருக்கிற, வாயை இறுக்கிக் கட்டிய பால் பாக்கெட்டைக் கைமுட்டியால் அமுக்கிப் பாருங்கள். முட்டியைச் சுற்றி பாக்கெட்டின் இரண்டு தகடுகளும் படிந்து, நடுவே மெல்லிய பால் படலம் இருக்கும். முட்டி பாக்கெட்டுக்குள் போகவில்லை. முட்டிதான் நுரையீரல். அதை ஒட்டிய தகடு விசெரல் உறை, வெளித்தகடு பரைட்டல் உறை. நடுவே உள்ள படலம்தான் புளூரல் குழி. இதயத்துக்குப் பெரிகார்டியமும் குடலுக்குப் பெரிட்டோனியமும் இதே அமைப்பில் இருக்கின்றன.

ஒவ்வொரு பக்கப் புளூரல் குழியிலும் இயல்பாக இருப்பது சில மில்லி லிட்டர் திரவம்தான். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் விலா-உதரவிதான மூலை மழுங்கித் தெரிய வேண்டுமானால் அங்கே சுமார் 200 மி.லி. சேர்ந்திருக்க வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் நீரே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நீரை எடுக்க ஊசி போடும்போது கீழ் விலா எலும்பின் மேல் ஓரத்தை ஒட்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்துப் பள்ளத்திலும் சிரை, தமனி, நரம்பு மூன்றும் ஓடுவதால், மேல் விலாவின் அடியை ஒட்டிப் போனால் இரத்தம் பீறிடும்.

பெரிகார்டியல் குழியில் இயல்பாக 15 முதல் 50 மி.லி. வரை இருக்கும். காசநோய் போன்றவற்றில் மெல்ல மெல்லச் சேர்ந்தால் உறை விரிந்து ஒரு லிட்டர்கூடத் தாங்கும். குத்துக்காயத்தில் திடீரென 150 முதல் 200 மி.லி. இரத்தம் சேர்ந்தாலே இதயம் விரிய முடியாமல் நின்றுவிடலாம். அளவைவிட வேகம் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உடலில் இல்லை.

மார்புச் சுவரில் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்செலும்பில் மேலிருந்து விரலை இறக்கினால் 5 செ.மீ. அளவில் ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் ஸ்டெர்னல் கோணம். அதன் பக்கத்தில் சேர்வது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ளது இரண்டாவது விலா இடைவெளி. அங்கிருந்து நான்காவதுவரை எண்ணி, நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் ஈசிஜியின் வி1 மின்முனை, இடது ஓரத்தில் வி2. ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் வி4. எண்ணாமல் குத்துமதிப்பாக வைத்தால் வி1, வி2 இரண்டும் மேலே ஏறிவிடும். பழைய மாரடைப்பு போன்ற பொய்யான கோடு வரும்.

உதரவிதானம் தட்டையான தட்டு இல்லை. மூச்சை வெளியே விடும்போது அதன் வளைவு முலைக்காம்பு மட்டம்வரை ஏறும். ஆகவே கீழ் விலாக்களுக்குள் இருப்பது வயிற்று உறுப்புகள்: வலது பக்கம் கல்லீரல், இடது பக்கம் ஒன்பது முதல் பதினொன்றாம் விலாவரை மண்ணீரல். மாசி, பங்குனியில் புளி உலுக்க ஏறி விழுந்தவருக்கு இடது கீழ் விலா வலித்தால், விலா முறிவோடு மண்ணீரலையும் சந்தேகிக்க வேண்டும். பெரிட்டோனியல் குழி லிட்டர் கணக்கில் இரத்தத்தை வாங்கிக்கொண்டும் வயிறு பெரிதாகத் தெரியாமல் இருக்கும். நாடி வேகமாகி, பிபி இறங்கி, தோல் சில்லிட்ட பிறகுதான் தெரியும். மல்லாந்து படுத்தவருக்கு இரத்தம் முதலில் தேடிப் போகும் இடங்களில் ஒன்று கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே உள்ள மோரிசன் பை. விபத்து வார்டில் வயிற்று ஸ்கேன் கருவியைப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வைக்கிறார்கள்.

சிறுநீரகம், கணையத்தின் பெரும்பகுதி, பெரிய தமனி இவையெல்லாம் பெரிட்டோனியத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அதனால் சிறுநீரகக் கல் வலி விலாப்புறத்தில் முதுகுப்பக்கமாகத் தெரியும்; கணைய வலி முதுகுக்கு ஊடுருவும். அங்கே கசியும் இரத்தத்தை அந்த அவசர ஸ்கேன் எளிதில் காட்டாது.

வயிற்றுக்கும் இடுப்புக் குழிக்கும் நடுவே சுவர் கிடையாது. இடுப்பெலும்பின் விளிம்பு மட்டத்தில் நாமாகப் போட்டுக்கொண்ட எல்லை. பெண்களுக்குக் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே உள்ள டக்ளஸ் பை, நிற்கும்போது பெரிட்டோனியல் குழியின் ஆகக் கீழான இடம். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் இரத்தம் அங்கே சேரும்.

வயிற்றை ஒன்பதாகப் பிரித்தல்

தொப்புளில் ஒரு நெடுக்குக் கோடு, ஒரு குறுக்குக் கோடு போட்டால் நான்கு பகுதி. அவசரத்துக்கு இது போதும். நுணுக்கமாகச் சொல்ல, காறை எலும்பு நடுவிலிருந்து இரண்டு நெடுக்குக் கோடுகள், விலாக்களின் அடியில் ஒன்றும் இடுப்பெலும்பு மேட்டில் ஒன்றுமாக இரண்டு குறுக்குக் கோடுகள். மேல் வரிசையில் எபிகாஸ்ட்ரிக் நடுவில், இரு பக்கமும் ஹைப்போகாண்ட்ரியாக். நடு வரிசையில் அம்பிலிகல், இரு பக்கமும் லம்பார். கீழ் வரிசையில் ஹைப்போகாஸ்ட்ரிக், இரு பக்கமும் இலியாக்.

"நெஞ்சுக்குழியில வலி" என்று நோயாளி சொல்வது பெரும்பாலும் எபிகாஸ்ட்ரிக் பகுதி. ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வயிற்றுப் புண்ணும் இருக்கலாம், இதயத்தின் இன்ஃபீரியர் சுவர் மாரடைப்பும் இருக்கலாம். நடுவயது தாண்டியவருக்கு ஈசிஜி எடுக்காமல் அமில மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது.

குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக இருக்கும். விசெரல் உறை தனக்கு வலிக்கும் இடத்தைச் சரியாகக் காட்டாது. அழற்சி பரைட்டல் உறையைத் தொட்டதும் வலி வலது இலியாக் பகுதிக்கு நகர்ந்து, ஒரு விரலால் காட்டும்படி கூர்மையாகிறது. வலது இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொட்டால் அந்த இடம். மக்பர்னி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1889-இல் விவரித்த புள்ளி அது.

எழுதிப் பழக மூன்று வரிகள்

"வயிற்றில் வலது பக்கம் வலி" என்பதை: "நேற்று இரவு அம்பிலிகல் பகுதியில் தொடங்கிய வலி, இன்று காலை 6 மணி முதல் வலது இலியாக் பகுதியில்; அழுத்தி எடுக்கும்போது அதிகம்."

"கையில் வெட்டுக்காயம்" என்பதை: "இடது முன்கையின் ஆன்டீரியர் பக்கம், மணிக்கட்டு மடிப்புக்கு 5 செ.மீ. ப்ராக்ஸிமலாக, 4 செ.மீ. நீளக் குறுக்கு வெட்டு, தசை தெரிகிறது. காயத்துக்கு டிஸ்டலாக விரல்களில் உணர்ச்சி, அசைவு சரி." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், தையல் போட்டபிறகு விரல் மரத்திருந்தால் நரம்பு எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

"சர்க்கரை நோயாளி, காலில் புண்" என்பதை: "வலது பாதம், பிளான்டார் பக்கம், பெருவிரலின் அடிமூட்டுக்குக் கீழே, 2 செ.மீ. விட்டம், ஓரம் தடித்தது, எலும்பு தெரியவில்லை." கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் இதைத் தேதியோடு எழுதி வைத்தால் போதும். அடுத்த முறை வேறொருவர் போனாலும் அதே புண்ணில் அளவுகோலை வைத்து, 2 செ.மீ. இப்போது 1.5 ஆகியிருக்கிறதா, 3 ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.